ஜீன் டெஸ்டுக்கு முன்னால் மூன்று தலைமுறையை எழுதுங்கள்

மரபணு ஆலோசகராக வேலை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, "எந்த டெஸ்ட் எடுக்கலாம்?" என்பதுதான். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்து, "உங்கள் அப்பாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்?" என்று ஆரம்பிப்பேன். எந்த மரபணுவைத் தேட வேண்டும், யாருடைய ரத்தத்தில் முதலில் தேட வேண்டும் என்பதை அந்தத் தாள்தான் காட்டிக்கொடுக்கும். இதை நீங்கள் வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்துவிடலாம்.

தாளை அகலவாக்கில் வையுங்கள். பென்சில் போதும், எப்படியும் நிறைய அழிப்பீர்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நடுவரிசையில் நீங்களும் உடன்பிறந்தவர்களும். அதற்கு மேல் பெற்றோரும் அவர்களோடு பிறந்தவர்களும். உச்சியில் இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகள். பிள்ளைகள் இருந்தால் கீழே. இறந்தவர் மேல் ஒரு சாய்ந்த கோடு. நோய் வந்தவரின் கட்டத்தை நிரப்பிவிடுங்கள். ரத்த உறவுக்குள் திருமணம் நடந்திருந்தால் இரட்டைக் கோடு போடுங்கள். கலைந்த கர்ப்பங்களையும் பிறந்து சில நாளில் போன குழந்தைகளையும் விட்டுவிடாதீர்கள். கல்யாணத்தால் வந்த உறவுகளின் நோய் உங்களுக்கு வராது. மாமாவின் மனைவிக்கு என்ன நோய் என்பது அவர் பிள்ளைகளுக்குத்தான் முக்கியம்.

பெற்றோர், பிள்ளைகளோடு உங்கள் மரபணுக்களில் பாதி பொதுவானது. உடன்பிறந்தவர்களோடு சராசரியாகப் பாதி. தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி என்றால் கால்பங்கு. சித்தப்பா, அத்தை, மாமா, சித்தியின் பிள்ளைகளோடு எட்டில் ஒரு பங்கு. அதனால் நெருங்கியவர்களிலிருந்து விசாரிக்க ஆரம்பியுங்கள்.

இப்போது வயது. தாளில் ஒரே ஒரு விஷயம்தான் எழுத முடியும் என்றால் நோய் எந்த வயதில் வந்தது என்பதை எழுதச் சொல்வேன். இறந்த வயது வேறு, நோய் கண்டுபிடித்த வயது வேறு, இரண்டும் வேண்டும். 78 வயதில் மாரடைப்பு வந்த தாத்தாவும் 42 வயதில் மாரடைப்பு வந்த தாத்தாவும் என் கண்ணுக்கு ஒன்றல்ல. ஆண்களுக்கு 55 வயதுக்கு முன்பும், பெண்களுக்கு 65 வயதுக்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால், பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்ட்ரால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது அபூர்வ நோய் இல்லை, சுமார் 250 பேரில் ஒருவருக்கு உண்டு. ரத்தத்திலிருந்து எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் சரியாக வேலை செய்யாததுதான் பெரும்பாலும் காரணம். இதைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மருந்து இருக்கிறது, சீக்கிரம் ஆரம்பித்தால் நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு வீட்டில் ஒருவருக்குத் தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்குச் சாதாரண கொலஸ்ட்ரால் டெஸ்டிலிருந்தே தொடங்கலாம். இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய ஒன்று, யாரும் வயதைக் கேட்டு எழுதாததால் தப்பிப் போவதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. "நம் குடும்பத்தில் பரம்பரை நோய் ஏதாவது உண்டா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். ஆளுக்கு ஆள் கேளுங்கள்: "பெரியத்தைக்கு என்ன ஆச்சு? அப்போது அவருக்கு என்ன வயது?" பெரியவர்கள் "வயிற்றில் கட்டி" என்பார்கள். அது குடலா, கர்ப்பப்பையா, சினைப்பையா, ஈரலா? பழைய டிஸ்சார்ஜ் சம்மரியோ பயாப்ஸி ரிப்போர்ட்டோ அலமாரியில் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அப்புறம், யாரும் சொல்லாத இரண்டு கேள்விகளை நான் எப்போதும் சேர்த்துக்கொள்வேன். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தபோது யாருக்காவது உடம்பு அனலாகக் கொதித்து ஆபத்தாகியிருக்கிறதா? சில மயக்க மருந்துகளுக்கு அப்படி எதிர்வினை காட்டும் தன்மை பரம்பரையாக வரும். முன்பே தெரிந்தால் மயக்க மருத்துவர் வேறு மருந்து கொடுப்பார். நன்றாக நீந்தத் தெரிந்தவர் யாராவது தண்ணீரில் இறந்திருக்கிறாரா, இளம்வயதில் யாராவது திடீரென்று விழுந்து இறந்தாரா? இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குலைக்கும் ஒரு மரபணு மாற்றம் நீந்தும்போது தாக்கக்கூடும். மனநோயையும் தற்கொலையையும் பற்றி வீடுகளில் வாய் திறக்க மாட்டார்கள். வற்புறுத்த வேண்டாம், தனியாக, வேறொரு நாள் கேளுங்கள்.

மார்பகப் புற்றுநோய் என்றதும் அம்மா வழியை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணு மாற்றங்கள் அப்பாவிடமிருந்தும் அதே அளவு வாய்ப்போடு வரும். அப்பா வழியில் பெண்கள் குறைவாக இருந்தால் அது வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும். அந்தப் பக்கத்து ஆண்களின் புராஸ்டேட், கணையப் புற்றுநோய்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 1990இல் மரபியல் விஞ்ஞானி மேரி-கிளேர் கிங் 17ஆம் குரோமோசோமில் பிஆர்சிஏ1 மரபணுவின் இடத்தைக் காட்டியதும் இளம்வயதில் மார்பகப் புற்றுநோய் வந்த குடும்பங்களின் வரைபடங்களை வைத்துத்தான்.

இன்னும் பழைய கதை ஒன்று. 1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோயியல் மருத்துவரிடம் அவருடைய தையல்காரப் பெண், தன் குடும்பத்தில் நிறையப் பேர் புற்றுநோயில் போய்விட்டார்கள், தானும் அப்படித்தான் போவேன் என்றார். அந்தப் பெண் இளம்வயதிலேயே கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தார். வார்த்தின் அந்தக் குடும்பத்தை வரைந்து 1913இல் வெளியிட்டார். பின்னால் ஹென்றி லிஞ்ச் அதே குடும்பத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தார். இன்று அந்தப் பரம்பரைப் புற்றுநோய்த்தன்மைக்கு அவர் பெயர்தான், லிஞ்ச் சிண்ட்ரோம். காரணமான, எம்எஸ்எச்2 என்ற மரபணுவின் மாற்றம் அந்தக் குடும்பத்தில் 2000இல் உறுதியானது. ஆக, குடல், கர்ப்பப்பை, சினைப்பை, வயிற்றுப் புற்றுநோய்கள் ஒரே பக்கத்தில் கூடி நின்றால் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

தாளைப் படிப்பது எப்படி? பெரும்பாலான மரபணுக்கள் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக நம்மிடம் இருக்கும். தலைமுறைதோறும் நிரம்பிய கட்டங்கள் இருந்தால், அதில் ஒரு பிரதி மாறியிருந்தாலே வரும் நோயாக இருக்கலாம். பெற்றோர் நலமாக இருந்து ஒரே வரிசைப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்தால் இருவருமே கேரியராக, அதாவது ஒரு பிரதி மட்டும் மாறி, தங்களுக்கு நோய் வராதவர்களாக இருக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ரத்த உறவுக்குள் மணந்தவர்கள் இருவரிடமும் ஒரே மாற்றம் இருக்க வாய்ப்பு அதிகம்; இரட்டைக் கோடு போடச் சொன்னது இதற்காகத்தான். பெண்கள் வழியாக ஆண்களுக்கு மட்டும் வந்தால், மாறிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இந்தக் கணக்குகளுக்குள் அடங்காது. பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, வாழும் முறையும் கூடித்தான் அவை வருகின்றன. கட்டங்கள் காலியாக இருப்பதாலேயே ஆபத்து இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சிறிய குடும்பங்களில் எதுவும் தெரியாமல் போகலாம், சில மாற்றங்கள் ஒருவரிடம் புதிதாகவே தோன்றும்.

டெஸ்ட் தேவை என்றால், முடிந்தவரை நோய் வந்தவருக்கே முதலில் எடுங்கள். அவரிடம் மாற்றம் கிடைத்தால் மற்றவர்களுக்கு அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். நலமாக இருப்பவருக்கு முதலில் எடுத்து "எதுவும் இல்லை" என்று வந்தால், அவர் தப்பித்தாரா, தேடிய இடமே தவறா என்று சொல்ல முடியாது. எச்சிலை அனுப்பிப் பார்க்கும் கிட்களை நம்பி நிம்மதி அடைந்துவிடாதீர்கள். 2018இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த அப்படி ஒரு டெஸ்ட், பிஆர்சிஏ மரபணுக்களில் ஆயிரத்துக்கு மேல் தெரிந்த மாற்றங்களில் மூன்றை மட்டுமே பார்த்தது. ரிப்போர்ட்டில் "அர்த்தம் உறுதியாகாத மாற்றம்" என்று வந்தால் அதை வைத்து ஆபரேஷன் போன்ற பெரிய முடிவு எடுக்க வேண்டாம். ஓரிரு வருடம் கழித்து அதே ஆய்வகத்திடம் மீண்டும் கேளுங்கள், வகைப்பாடு மாறியிருக்கலாம்.

தாளின் மூலையில் தேதி போட்டு, உடன்பிறந்தவர்களுக்கு ஒரு நகல் கொடுங்கள். அதற்கு முன், அதில் இருக்கும் உயிரோடு உள்ளவர்களிடம் சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள்.