பனியில் புதைந்த காரை எடுக்கும்போது செய்யக்கூடாதவை

டொராண்டோவில் இரவு முழுக்கப் பனி கொட்டினால், தெருவோரம் நிறுத்திய கார்கள் காலையில் வெறும் வெள்ளை மேடுகளாகத்தான் தெரியும். மேலே விழுந்த பனியை லேசாகத் தள்ளிவிடலாம். பெரிய தொல்லை, பனி வாரும் வண்டி தெருவைத் துப்புரவு செய்தபடியே காரின் பக்கத்தில் கட்டிவிட்டுப் போகும் வரம்புதான். அது அழுந்திய பனி. உப்பும் சேறும் கலந்தது. சில மணி நேரத்தில் கல்லாக இறுகிவிடும். வேலைக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தோடு அதன் முன்னால் நிற்கும்போதுதான் பலரும் தவறு செய்கிறார்கள்.

அதில் உயிரையே பறிக்கக்கூடியது ஒன்று உண்டு. குளிருகிறதே என்று குழந்தைகளைக் காருக்குள் உட்காரவைத்து, எஞ்சினையும் ஹீட்டரையும் போட்டுவிட்டு, வெளியே நின்று பனி அள்ளுவது. பின்பக்கம் சைலன்சர் குழாய் பனிக்குள் புதைந்திருந்தால், புகை வெளியே போக வழியில்லாமல் காருக்குள் ஏறும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்குத் தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, சில நிமிடங்களிலேயே நினைவு தப்பிவிடலாம். குழந்தை தூங்குகிறது என்றுதான் வெளியே இருப்பவர் நினைப்பார். தயவுசெய்து முதலில் காரின் பின்பக்கம் போங்கள். குழாயைச் சுற்றி நன்றாக அள்ளித் திறந்துவிட்ட பிறகுதான் சாவியைத் தொடவேண்டும். வேலை முடியும்வரை குழந்தைகள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

அடுத்தது ஆக்சிலேட்டர். கார் நகரவில்லை என்றதும் கால் தானாகவே இன்னும் அழுத்தும். சக்கரம் சுழலச் சுழல அந்தச் சூட்டில் அடியில் உள்ள பனி கொஞ்சம் உருகும். சுழற்சி நின்றதும் அந்த ஈரம் உறைந்து கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும். இப்போது பிடிமானம் முன்பைவிடக் குறைவு, குழியும் ஆழம். அதோடு, சாதாரணக் கார்களில் எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதற்கே எஞ்சினின் விசை வீணாகப் போகும்; தரையைப் பிடித்திருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். ஆகவே இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் சக்கரம் வெறுமனே சுழன்றால் காலை எடுத்துவிட்டு இறங்குங்கள்.

இறங்கி எங்கே அள்ளுவது? சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மட்டும் அள்ளிவிட்டு மறுபடி ஏறுவது வழக்கம். குனிந்து காரின் அடியைப் பார்ப்பவர் குறைவு. அடியில் பனி அழுந்தியிருந்தால் காரின் எடையில் ஒரு பகுதியை அந்தப் பனியே தாங்கிக்கொண்டிருக்கும். எடை சக்கரத்தில் இறங்காதவரை எவ்வளவு நல்ல டயரும் பிடிக்காது. நீளக் கைப்பிடி மண்வெட்டியால் அடிப்பனியை இழுத்து வெளியே எடுங்கள். ஸ்டியரிங்கை நேராக வையுங்கள். சக்கரம் திரும்பியிருந்தால் அதுவே பனியை முட்டித் தடுக்கும்.

இதன்பிறகு முன் கியரையும் ரிவர்ஸையும் மாற்றி மாற்றிப் போட்டு, காரை முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டி எடுக்கலாம். கார் முழுதாக நின்றபின் மட்டும் கியரை மாற்றுங்கள். நிற்குமுன் மாற்றினாலோ, விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாலோ கியர்பெட்டி சூடேறிக் கெடும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் சக்கரம் வழுக்கும்போதெல்லாம் விசையைக் குறைத்துவிடும் என்பதால், ஆட்டி எடுக்கும்போது மட்டும் அதை அணைத்துவைப்பது உதவும்.

பிடிமானத்துக்கு உப்பையே நம்புவதும் தவறுதான். மைனஸ் 10 டிகிரியை நெருங்கும்போதே சாதாரண உப்பு மந்தமாகிவிடும். அந்தக் குளிரில் மணல்தான் கை கொடுக்கும். வீட்டுப் பூனைகளின் கழிவுத் தட்டில் போடும் பூனை மணலும் சரி, ஆனால் ஈரம் பட்டதும் கட்டியாகும் வகை வேண்டாம்; அது சேறாகிவிடும். சிலர் தரைவிரிப்பைச் சக்கரத்தின் கீழ் செருகுவார்கள். பின்னால் ஆள் நின்றால் அது பறந்து வந்து அடிக்கும். தள்ளிவிடுபவர் சுழலும் சக்கரத்துக்கு நேராக நிற்கவே கூடாது.

கொதிநீர் வேண்டவே வேண்டாம். கண்ணாடியில் ஊற்றினால் வெடிக்கலாம், தரையில் ஊற்றினால் அப்படியே பனிக்கட்டி. உறைந்து ஒட்டிய வைப்பரை சுவிட்ச் போட்டு இழுக்கவைத்தால் மோட்டார் போய்விடும்.

அள்ளிய பனியைச் சாலை நடுவே வீசாதீர்கள். ஒன்ராறியோவில் அது சட்டப்படி குற்றம், பின்னால் வரும் வண்டிக்கும் ஆபத்து. காரின் கூரையில் இருப்பதையும் தள்ளிவிட்டுத்தான் கிளம்பவேண்டும். பிரேக் போட்டதும் அது மொத்தமாகச் சரிந்து முன்கண்ணாடியை மூடிவிடும்.

இதய நோய் உள்ளவர்கள் அள்ளும் வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுவது நல்லது. கடுங்குளிரில் கனமான பனியைத் தூக்குவது மாரடைப்பை வரவழைக்கும். மற்றவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக, தூக்குவதைவிடத் தள்ளியே வேலையை முடிக்கப் பாருங்கள்.

கார் வெளியே வந்து வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் நடுங்கினால் எதுவோ உடைந்துவிட்டது என்று பயப்படவேண்டாம். பெரும்பாலும் சக்கர வளையத்தின் உட்பக்கம் பனி ஒட்டி உறைந்திருக்கும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி அதைத் தட்டி எடுங்கள். அப்புறமும் நடுங்கினால் மெக்கானிக்கிடம் காட்டவேண்டியதுதான்.