ஒற்றைத்தடப் பாதையில் யார் யாருக்கு சைடு கொடுப்பது?

தார்ச்சாலையில் யார் முதலில் போவது என்பதைக் கோடும் பலகையும் சிக்னலும் முடிவு செய்துவிடும். மண் தடத்தில் அந்த முடிவை எதிரெதிரே வந்து நிற்கும் இரண்டு பேர்தான் எடுக்க வேண்டும். ஒருவர் ஜீப்பில் இருப்பார், மற்றவர் மண் தடத்துக்கான டர்ட் பைக்கில். அல்லது ஒருவர் நாலு சக்கரக் குவாட் பைக்கில், எதிரே முதுகுப்பையோடு நடந்து வரும் நாலு பேர். பாதையின் நுழைவில் அறிவிப்புப் பலகை இருந்தால் அதில் உள்ளதுதான் முதல் விதி. ஒருவழிப் பாதையா, எந்த அகலம் வரை வண்டி விடலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பலகை சொல்லாத இடங்களில் எல்லா வழக்கங்களும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: நிற்பதும் பின்வாங்குவதும் யாருக்கு எளிது? எளிதாக இருப்பவர் வழி விட வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு வழக்கமும் ஏன் அப்படி இருக்கிறது என்பது தானாகப் புரியும்.

எஞ்சின் இல்லாதவர்கள் முதலில்

எஞ்சின் உள்ள எந்த வண்டியும் மிதிவண்டி, நடப்பவர், குதிரை மூன்றுக்கும் வழி விட வேண்டும். மிதிவண்டிக்காரர் நடப்பவருக்கும் குதிரைக்கும் விடுவார். நடப்பவர் குதிரைக்கு விடுவார். ஆக, குதிரை எல்லாருக்கும் முன்னால் நிற்கிறது.

நடப்பவரைக் கடக்கும்போது நடை வேகம்தான் அளவு. புழுதி கிளம்பினாலோ, டயரிலிருந்து ஒரு கல் தெறித்தாலோ நீங்கள் வேகமாகப் போகிறீர்கள் என்று பொருள். அவர் பெருந்தன்மையாக ஒதுங்கி நின்று கையசைத்தாலும் அதே வேகத்தில்தான் போக வேண்டும். கடந்து நாற்பது ஐம்பது மீட்டர் போன பிறகே முடுக்கலாம். மின்சார வண்டி ஓட்டுபவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: உங்கள் வண்டி வருவது நடப்பவர் காதில் விழாது. பின்னாலிருந்து வரும்போது தூரத்திலேயே மணியடியுங்கள், அல்லது குரல் கொடுங்கள்.

குதிரை எதிரே வந்தால்

இங்கே நிதானம் தேவை, ஏனென்றால் தவறு நடந்தால் அடிபடுவது சவாரி செய்பவர். மிரண்ட குதிரை ஒரே துள்ளலில் ஆளைத் தள்ளிவிடும். பாதையின் ஒரு பக்கம் பள்ளம் என்றால் குதிரையும் சேர்ந்தே போகும்.

குதிரை கண்ணில் பட்டதும், முப்பது மீட்டருக்கு முன்பே, பாதையின் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ஐடிலில் விட்டால் போதாது, அணைக்கத்தான் வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றுங்கள். முழு ஹெல்மெட்டும் கண்ணாடியும் மாட்டிய உருவம் குதிரைக்கு மனிதனாகவே தெரியாது. கழற்றிவிட்டு சவாரி செய்பவரிடம் இயல்பான குரலில் ஏதாவது பேசுங்கள். மனிதக் குரல் கேட்டதும் பெரும்பாலான குதிரைகள் தளர்ந்துவிடும். சரிவான இடம் என்றால் நீங்கள் இறக்கப் பக்கமாக ஒதுங்குவது நல்லது. மேலேயிருந்து பார்க்கும் உருவத்தைக் குதிரை பாயவரும் மிருகமாக எடுத்துக்கொள்ளும். மிரண்டாலும் அது மேட்டுப் பக்கம் ஓடுவதுதான் சவாரி செய்பவருக்கு ஆபத்து குறைவு. ஆனால் அந்தக் குதிரையை அறிந்தவர் அவர்தான். “எங்கே நிற்கட்டும்?” என்று கேட்டுவிட்டு அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

பின்னாலிருந்து அணுகுவது இன்னும் சிக்கல். குதிரைக்கு ஏறக்குறைய சுற்றிலும் கண் தெரியும். ஆனால் நேர் பின்னால் தெரியாது. அந்த இடத்திலிருந்துதான் நீங்கள் சத்தத்தோடு வருகிறீர்கள். தள்ளியே நின்று, எஞ்சினை அணைத்து, குரல் கொடுங்கள். அவர் அகலமான இடம் பார்த்து ஒதுங்கிக் குதிரையை உங்கள் பக்கம் திருப்பி நிறுத்தும் வரை காத்திருங்கள். ஒன்றோடொன்று கட்டிய சுமைக்குதிரை வரிசை என்றால் பொறுமை இரண்டு மடங்கு வேண்டும், ஒன்று மிரண்டால் அது மற்றவற்றையும் இழுக்கும். கடந்து போன குதிரைகளுக்குப் பின்னால் உடனே ஸ்டார்ட் செய்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. நன்றாகத் தூரம் போகட்டும்.

ஏற்றமும் இறக்கமும்

இரண்டு வண்டிகள் சரிவில் சந்தித்தால் ஏறி வருபவருக்கே வழி. இறங்குபவர் நிற்க வேண்டும், தேவைப்பட்டால் மேலே ரிவர்ஸ் எடுக்க வேண்டும். இது மரியாதையால் வந்த விதி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் இதற்குக் காரணம்.

ஏறும் வண்டி சரளைக்கல் சரிவில் பாதியில் நின்றால் இழந்த உந்துதலைத் திரும்பப் பெறுவது கடினம். டயர் சுழன்று குழி தோண்டும், கியர் வண்டி என்றால் கிளட்ச் கருகும் வாடை வரும். அதைவிடக் கீழ்நோக்கி ரிவர்ஸ் வருவது மோசம். வண்டியின் எடையில் பெரும்பகுதி பின் சக்கரங்களுக்குப் போய்விடும். திசை திருப்புவதும் பெரும்பங்கு பிரேக் பிடிப்பதும் முன் சக்கரங்கள்தான், அவையோ எடை குறைந்து வழுக்கும். நடுவில் எஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டியரிங் இறுகிவிடும், இரண்டொரு மிதிக்குப் பிறகு பிரேக்கும் கல்லாகிவிடும். இறங்கி வருபவர் மேலே ரிவர்ஸ் எடுத்தால் இதெல்லாம் தலைகீழாகிறது: எடை முன் சக்கரங்களில் அமர்ந்திருக்கும், ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும், ஆக்சிலரேட்டரை விட்டால் வேகம் தானே குறையும். அதோடு அவர் இப்போதுதான் கடந்து வந்த தடம் அது; கல் எங்கே, குழி எங்கே என்று தெரியும்.

ரிவர்ஸ் எடுக்கும் முறை: எதிர் வண்டியோடு குறைந்தது இரண்டு வண்டி நீளம் இடைவெளி விட்டு நில்லுங்கள். மூக்கோடு மூக்கு நிறுத்தினால் இருவருமே மாட்டிக்கொள்வீர்கள். ஃபோர் வீல் லோவில் (நாலு சக்கரமும் இழுக்கும் குறைவேகக் கியரில்) போட்டு, உடன் வந்தவர் ஒருவரை இறக்கி வழி காட்டச் சொல்லுங்கள். அவர் மேட்டுப் பக்கம், ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி, வண்டி வரும் கோட்டிலிருந்து விலகி நிற்க வேண்டும். வண்டிக்குக் கீழ்ப்புறம் யாரும் நிற்கக் கூடாது. கை காட்டுபவர் ஒருவர்தான். மூன்று பேர் மூன்று திசையில் கத்தினால் ஓட்டுநர் யார் பேச்சையும் கேட்காமல் ஓட்டுவார். வந்த சக்கரத் தடத்திலேயே பின்வாங்குங்கள். கண்ணாடியில் வழிகாட்டி மறைந்தால் உடனே நிறுத்துங்கள்.

விதிவிலக்குகளும் உண்டு. இறங்குபவர் டிரெய்லர் இழுத்து வந்தால் ரிவர்ஸில் டிரெய்லர் மடிந்து பாதையை அடைத்துவிடும்; ஏறுபவர்தான் ஒதுங்க வேண்டும். களிமண் ஈரமாக இருந்து இறங்குபவரால் நிற்கவே முடியாவிட்டாலும் அப்படியே. ஏறுபவருக்குப் பத்து மீட்டர் பின்னால், சமதளத்தில், நல்ல ஒதுங்கிடம் இருக்கிறது, மேலேயோ ஆறு வண்டி வரிசையாக நிற்கிறது என்றால் ஏறுபவர் விட்டுக்கொடுப்பதே நியாயம். ஆனால் அந்த முடிவை ஏறுபவர்தான் சொல்ல வேண்டும். இறங்குபவர் லைட்டை அடித்து அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

செங்குத்தான ஏற்றம் என்றால் கீழே இருப்பவர் முன்னால் போகும் வண்டி உச்சி தாண்டும் வரை அடிவாரத்திலேயே, அது வரும் கோட்டிலிருந்து விலகி நிற்க வேண்டும். ஏற முடியாமல் தோற்ற வண்டி நேராகப் பின்னால்தான் வரும், திரும்ப முயன்றால் உருண்டுவிடும். அந்தப் பாதையில் உங்கள் வண்டி நிற்கக் கூடாது.

அகலமும் சுமையும்

சமதளத்தில் சிறிய வண்டி பெரிய வண்டிக்கு ஒதுங்குகிறது. டர்ட் பைக்கின் ஹேண்டில் அகலம் 80 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். குவாட் பைக் 120 சென்டிமீட்டர் அளவில். இருவர் அருகருகே உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் சைடு-பை-சைடு வண்டிகள் 125 முதல் 185 வரை. முழு அளவு ஜீப் வகைகள் 170 முதல் 200 வரை. பைக் ஒரு மரத்தின் பக்கத்தில் நுழைந்து நிற்கலாம், ஜீப்பால் முடியாது. ஆனால் சரிவு விதி இதைவிட மேல்: கல் ஏற்றத்தில் ஏறி வரும் பைக் நின்றால் கீழே விழும். அங்கே இறங்கும் ஜீப்தான் நிற்க வேண்டும்.

இரண்டு ஜீப்கள் கடக்க எவ்வளவு அகலம் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். 190 சென்டிமீட்டர் வண்டிகள் இரண்டு, நடுவில் 30, இரு ஓரங்களிலும் 20. மொத்தம் நாலரை மீட்டர், அதுவும் பக்கக் கண்ணாடிகளை மடக்கிய பிறகு. அதற்குக் குறைவென்றால் ஒருவர் அகலமான இடத்துக்குப் போயே ஆக வேண்டும்.

ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம் என்றால் கனமான வண்டி மலைப்பக்கம் ஒட்டட்டும். பள்ளத்து விளிம்பு மேலே பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் கீழே மழைநீர் அரித்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் இறங்கி, குதிகாலால் அழுத்திப் பாருங்கள், விளிம்பில் நீளவாக்கில் விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒருவர் முழுதாக நிற்க, மற்றவர் ஊர்ந்து கடக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் நகர்ந்தால்தான் கண்ணாடி உடைகிறது.

ஒதுங்குவதற்காகச் செடி மேல் ஏற்றுவதும் ஓடைக்கரையில் இறக்குவதும் கூடாது. ஒரு வண்டி ஒதுங்கிய தடத்தில் அடுத்தது வரும், ஒரே பருவத்தில் பாதை இரண்டாகப் பிரிந்துவிடும். ஏற்கெனவே வெறும் தரையாகக் கிடக்கும் இடம் வரை பின்வாங்குங்கள்.

விரல் கணக்கு

கூட்டமாகப் போகிறவர்கள் எதிரே வருபவருக்குத் தங்களுக்குப் பின்னால் எத்தனை வண்டி வருகிறது என்று விரலால் காட்டுவது பரவலான வழக்கம். தன்னைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மூன்று விரல் என்றால் இன்னும் மூன்று வண்டி. ஐந்தோ அதற்கு மேலோ என்றால் கையை விரித்தபடி பிடியுங்கள். மூடிய முஷ்டி என்றால் “நான்தான் கடைசி”. பைக்கிலும் குவாடிலும் வலக்கை ஆக்சிலரேட்டரில் இருப்பதால் இடக்கையால் காட்டுவார்கள். கரடான இடத்தில் ஹேண்டிலை விடாதீர்கள், தலையசைப்பு போதும்.

இந்தக் கணக்கை எப்போதும் குறைந்தபட்சமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்தவர் டயர் மாற்ற நின்றிருக்கலாம், சம்பந்தமே இல்லாத இன்னொருவர் வரிசையின் வாலில் வந்துகொண்டிருக்கலாம். முஷ்டியைப் பார்த்துவிட்டு அடுத்த வளைவில் நடுப்பாதையில் பாய்வதால் நேருக்கு நேர் மோதல் நடக்கிறது.

பின்னால் வேகமாக வருபவர்

பின்னால் வருபவர் புழுதிக்குள் ஒட்டிக்கொண்டு வந்தால் முன்னவர் கண்ணாடியில் தெரியவே மாட்டார். சற்றுப் பின்தங்கி, வளைவில் பக்கவாட்டில் தெரியும்போது ஒருமுறை ஹாரன் அடித்தால் போதும். முன்னவர் ஹெல்மெட் போட்ட பைக்காரர் என்றால் ஹாரன் கேட்காமலும் போகலாம், ஆகவே கண்ணாடியில் பார்ப்பது முன்னவர் கடமை. சைடு கொடுக்கும்போது வேகத்தைக் குறைத்தால் போதாது. நல்ல இடத்தில் முழுதாக நிறுத்திக் கை காட்ட வேண்டும். முந்துபவர் மெல்லக் கடந்து, தன் கூட்டத்தின் எண்ணிக்கையையும் காட்டிவிட்டுப் போகட்டும்.

பெரிய கூட்டம் என்றால் நாலைந்து வண்டிகளாகப் பிரிந்து இடைவெளி விட்டுப் போங்கள். ரிவர்ஸ் எடுக்க வேண்டி வந்தால் கடைசி வண்டிதான் முதலில் நகர வேண்டும்; அதற்குச் செய்தி போக ஒரு ரேடியோ வேண்டும்.

கண் மறைக்கும் இடங்கள்

ஒற்றைத்தடத்தின் குருட்டு வளைவில், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிற்கும் வேகத்தில் வாருங்கள். மறு பாதி எதிரே வருபவர் நிற்பதற்கு. மணல்மேடுகளில் உச்சிக்கு அப்பால் எதுவும் தெரியாது, அதனால்தான் உயரக் கம்பியில் கொடி கட்டுகிறார்கள். பல இடங்களில் தரையிலிருந்து 8 அடி உயரம் கட்டாயம். உச்சியைத் தாண்டியதும் மறுபுற அடியில் வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள்.

இரவில் எதிர் வண்டியின் ஒளி மரங்களில் தெரிந்த உடனேயே லைட் பாரை (கூடுதல் விளக்கு வரிசையை) அணைத்து, ஹெட்லைட்டை டிம் செய்யுங்கள். நின்று வழி விடுபவர் பார்க் லைட்டுக்கு மாறினால் கடந்து போகிறவருக்குப் பாதையின் விளிம்பு தெரியும்.

சிக்கிக்கொண்ட வண்டி

பாறைப்படியிலோ நீரிலோ உள்ளே இறங்கிவிட்ட வண்டிக்கே வழி. அது வெளியேறும் வரை எந்தப் பக்கமிருந்தும் அடுத்தது நுழையக் கூடாது. நீரில் இன்னொரு வண்டி எழுப்பும் அலை முதல் வண்டியின் எஞ்சினுக்குள் போகலாம். வின்ச் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) போட்டு இழுத்துக்கொண்டிருந்தால் தள்ளியே நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். இறங்கினால், இழுவையில் இருக்கும் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் நில்லுங்கள், கயிற்றைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள். தளர்ந்து தரையில் கிடந்தாலும் அதன் மேல் வண்டியை ஏற்ற வேண்டாம். மணல் நுழைந்த இழை அடுத்த இழுவையில் அறுந்துவிடலாம். வின்ச்சை இயக்குபவர் கயிற்றைச் சுற்றி முடித்துக் கை காட்டிய பிறகு வண்டியை எடுங்கள்.