அலமாரிப் பிரதியை நம்பி மனு எழுதாதீர்கள்

வழக்கறிஞர் சங்க நூலகம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், இந்தப் பிரிவு இப்பவும் இப்படித்தானா?"

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். எங்கள் அலமாரியில் இருக்கும் 2005 பிரதியின்படி மத்திய தலைமைத் தகவல் ஆணையரின் பதவிக்காலம் ஐந்து ஆண்டு. அதைப் பார்த்து எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில், சட்டங்களைத் திருத்தங்களோடு அரசு வெளியிடும் இந்தியா கோட் தளத்தில் சட்டத்தின் பெயரைத் தட்டுங்கள். 13-ஆம் பிரிவைத் திறந்ததும் அடிக்குறிப்புக்குப் போங்கள். பொடி எழுத்தில்தான் விஷயமே இருக்கும். 2019-இன் 24-ஆம் சட்டம் ஐந்து ஆண்டு என்பதை எடுத்துவிட்டு, பதவிக்காலத்தை மத்திய அரசே விதிகளில் வகுக்கும் என்று மாற்றியிருக்கிறது.

சரி, அப்போது எத்தனை ஆண்டு? சட்டத்துக்குள் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அதற்கு மின் அரசிதழ் தளம். பணியாளர் அமைச்சகம், 2019 அக்டோபர் என்று கொடுத்துத் தேடினால் விதிகள் வரும்: மூன்று ஆண்டு. பிடிஎஃப்பை இறக்கியதும் அரசிதழ் எண்ணையும் தேதியையும் கோப்பின் பெயரிலேயே போட்டுவிடுங்கள். 'டவுன்லோடு (3)' என்று வைத்துவிட்டு என்னிடம் வந்து தேடச் சொல்கிறவர்கள் அதிகம்.

இதே சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவு, அரசு அலுவலகங்கள் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. பொதுமக்களுக்கான நூலகம் இருந்தால் அதன் வேலை நேரமும் அதில் உண்டு. அந்த அலுவலகத்தின் தளத்தில் அது இல்லையென்றால் மத்திய அரசு அலுவலகங்களுக்குப் பத்து ரூபாய் கட்டணத்தில் மனு போட்டுக் கேளுங்கள்.