றங்குப்பெட்டியில் பூட்டி வைப்பதா, எடுத்துப் பாவிப்பதா?

தீபாவளிக்கோ தைப்பொங்கலுக்கோ முன்னர் வீட்டைச் சுத்தம் செய்து, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் றங்குப்பெட்டியைத் திறக்கும்போது, இலங்கை மலையகத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பேச்சு எழுகிறது. அம்மாயியின் கூறைச்சேலையை இந்தத் திருநாளுக்கு மகள் உடுத்தலாமா, தாத்தா வாங்கிய குத்துவிளக்கை ஏற்றலாமா, பழைய கடிதங்களைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "பத்திரமாக இருக்கட்டும்" என்பதே. பல பொருள்களின் விடயத்தில் அந்தப் பதில் தவறானது என்பது என் கருத்து. வறண்ட ஊரில் பூட்டிய பெட்டி பொருளைக் காக்கலாம். பனியும் சாரலும் விடாத மலைநாட்டில் அதே பெட்டி பொருளை உள்ளிருந்தே அழிக்கக்கூடும்.

ஆகவே ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தப் பொருள் முதலில் எதனால் கெடும், கை படுவதாலா, மூடிக் கிடப்பதாலா? இது அழிந்தால் இன்னொன்றைப் பெற முடியுமா? மூடிக் கிடப்பதால் கெடுவதைப் பாவிக்க வேண்டும். கை படுவதால் கெடுவது மறுபடி பெற முடியாததாகவும் இருந்தால், அதை எடுத்து வைக்க வேண்டும். பொருளின் விலை இந்த முடிவில் பெரிதாக இடம்பெறுவதில்லை. பட்டுச்சேலையின் விலை ஆயிரக்கணக்கில் இருக்கலாம், தோட்ட நிர்வாகம் தந்த ஒரு கடிதத்துக்கு விலையே இல்லாதிருக்கலாம். ஆயினும் உடுத்த வேண்டியது சேலை, ஒளித்து வைக்க வேண்டியது கடிதம்.

முதலில் ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது; அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். குளிர் தாளுக்கும் துணிக்கும் நல்லதுதான், ஆனால் அதனுடன் சேர்ந்து வரும் ஈரம் நல்லதன்று. காற்றின் சார்பு ஈரப்பதன் 65 அல்லது 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் துணியிலும் தாளிலும் தோலிலும் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் (வரிசை வீட்டு அறையில்) இந்த நிலை இன்னும் மோசமாகிறது. அடுப்புப் புகை, கூட்டமாகப் படுத்துறங்கும்போது மூச்சில் சேரும் நீராவி, தகரக் கூரையின் உட்புறத்தில் விடியற்காலையில் துளிர்க்கும் நீர், வெளிச்சுவர் வழியே ஊறும் கசிவு ஆகிய அனைத்தும் ஒரே அறைக்குள் சேர்கின்றன. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: ஏறத்தாழ 3 சதவீத ஈரம் வரை காய்ச்சி எடுத்த தூளைத் திறந்து வைத்தால் அது காற்றிலிருந்து ஈரத்தை மீண்டும் இழுத்துக்கொள்ளும் என்பதால்தானே அதை உடனே அடைத்துவிடுகிறார்கள், பட்டும் தாளும் அதே வழியில்தான் ஈரத்தை இழுக்கின்றன. (தேயிலைத் தூளையே பொட்டலமாக்கிப் பெட்டிக்குள் போடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது சிறிது காலம் ஈரத்தை இழுக்கும், பிறகு அதுவே ஈரமாகிக் கறையை விட்டுச்செல்லும். வேண்டாம்.)

பெட்டியை எப்போது திறப்பது என்பது நீங்கள் மலையின் எந்தப் பக்கம் வாழ்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பகுதிகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். அங்கே ஜனவரி முதல் மார்ச் வரையான வெயில் காலமே பொருள்களைக் காற்றாட விடுவதற்கு ஏற்றது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளில் நிலைமை மறுதலை: ஆண்டு முடிவை ஒட்டிய மாதங்களில் மழை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வறண்ட காற்று. எந்தப் பக்கமாக இருந்தாலும் பனி விலகிய பிறகு, காலை பத்து மணியளவில் எடுத்து, பிற்பகல் மூன்று மணிக்கு முன்னர் திரும்ப வைத்துவிட வேண்டும். நேர் வெயிலில் எதையும் பரப்பக் கூடாது. இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்), நிழலில், காற்று ஓடும் இடத்தில் போதும்.

பட்டுச்சேலையை உடுத்துங்கள். மடித்த நிலையில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் பட்டு மடிப்புக் கோட்டிலேயே இற்றுப்போகும். எடுத்துப் பிரித்த அன்று கோடு கோடாகக் கிழிவது உடுத்தியதன் விளைவன்று, உடுத்தாமல் வைத்ததன் விளைவு. ஆண்டில் ஓரிரு முறை, கூட்டம் குறைந்த, சமையல் வேலை இல்லாத நிகழ்வுக்கு உடுத்தி, கழற்றியதும் வியர்வை உலரும்வரை நிழலில் தொங்கவிட்டு, முன்பு மடித்த கோட்டைத் தவிர்த்து வேறு கோட்டில் மடித்து வைத்தால் அது அடுத்த தலைமுறைக்கும் நிற்கும். உடுத்தாத ஆண்டிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். பல முறை துவைத்துக் கஞ்சி போன பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். கடையில் தந்த பொலித்தீன் உறையில் வைத்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் சரிகை கறுக்கும். பூச்சி உருண்டை போடுவதானால் அதைத் தனித் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைக்க வேண்டும், சரிகையில் பட விடக் கூடாது. ஏற்கெனவே மடிப்பில் இற்றுவிட்ட சேலை மட்டும் இதற்கு விலக்கு; அதை உடுத்த முயலாமல், மடிக்காமல் ஒரு மூங்கில் குழாயிலோ தடித்த அட்டைக் குழாயிலோ துணியுடன் சேர்த்துச் சுருட்டி வைப்பதே வழி.

பித்தளை விளக்கும் செம்பும் அண்டாவும் பாவனையில் இருப்பதே நல்லது. எண்ணெயும் திரிக்கரியும் ஒட்டிய விளக்கைத் துடைக்காமல் மூடி வைத்தால் பச்சைக் களிம்பு ஏறும்; கார்த்திகை விளக்கீட்டுக்கு ஏற்றி மறுநாள் துடைத்து வைத்தால் ஏறாது. ஆனால் புளியும் சாம்பலும் போட்டு ஒவ்வொரு முறையும் பளபளவென்று தேய்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒவ்வொரு தேய்ப்பிலும் சிறிதளவு உலோகம் போகிறது, சீர்ப்பாத்திரத்தில் வெட்டிய பெயரும் ஆண்டும் அதனுடன் போகின்றன. எழுத்து வெட்டிய இடத்தை வெந்நீரும் மெல்லிய சவர்க்காரமும் கொண்டு மட்டும் கழுவித் துடையுங்கள். ஈயப் பூச்சுப் போன பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்க வேண்டாம்.

தப்பு, உறுமி போன்ற தோற்கருவிகளும் அப்படியே. அடிக்காமல் சுவரில் தொங்கும் தப்பின் தோல் ஈரத்தில் தளர்ந்து, பூஞ்சணம் பிடித்து, எலிக்கும் பூச்சிக்கும் இரையாகும். மாசியில் காமன் கூத்துக்கு எடுத்துக் காய்ச்சி அடிக்கப்படும் தப்பு பல ஆண்டு தாங்கும். தோல் எப்படியும் மாற்ற வேண்டியதே. அது கிழிந்துவிடும் என்று அஞ்சிக் கருவியை முடக்குவதில் பொருளில்லை. காக்க வேண்டியது மரச்சட்டத்தை. கறையான் ஏறாத இடத்தில், வெளிச்சுவரில் படாமல் தொங்கவிடுங்கள்.

இனி, எடுத்து வைக்க வேண்டியவை. இவற்றில் முதலிடம் ஆவணங்களுக்கு, அதிலும் மலையகத் தமிழரின் ஆவணங்களுக்கு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் நிலை 1974 வரை முடிவாகவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவருக்கும் அவர்தம் வழிவந்தவருக்கும் பிரஜாவுரிமை வழங்க வகைசெய்தது. அந்தத் திகதிக்கு முன்பே இங்கு வாழ்ந்ததைக் காட்டும் தோட்டக் கடிதமோ பாடசாலைப் பதிவோ ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெறுமதியானது என்பது இதிலிருந்தே விளங்கும். பிறப்புச் சான்றிதழ் தொலைந்தால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். மூடப்பட்ட தோட்டத்தின் துரை (முகாமையாளர்) கையொப்பமிட்ட கடிதத்துக்கு அந்த வழி இல்லை. ஆகையால் கடும் பாதுகாப்பு தேவைப்படுவது பின்னதற்கே.

இத்தகைய தாள்களைச் சூட்டில் லமினேற் செய்யக் கூடாது. ஒருமுறை ஒட்டியதைத் தாளுக்குச் சேதமின்றிப் பிரிக்க இயலாது, பழைய மை சூட்டில் மங்கவும் கூடும். கிழிசலுக்கு செலோரேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். இறப்பர் வளையமும் இரும்புக் கிளிப்பும் கறை விடும். செய்ய வேண்டியது எளிது: ஒரு வெயில் நாளில் தாள்களைப் பிரித்துக் காற்றாட விட்டு, கைபேசியில் தெளிவாகப் படம் எடுத்து, வெள்ளைத் தாளுக்கு நடுவே ஒவ்வொன்றாக வைத்து, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் அடைக்க வேண்டும். ஈரமான தாளைக் காற்றுப் புகாத பெட்டியில் அடைத்தால் அது பூஞ்சணத்துக்கு வளர்ப்பிடமாகிவிடும் என்பதால், காய வைப்பதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. அலுவலகத்துக்குக் கொண்டுபோவதற்குப் பிரதியே போதும். மூலத்தைக் கேட்டால் மட்டும் மூலத்தைக் காட்டி, அன்றே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

1901 முதல் தோட்ட இலக்கம் பொறித்துத் தொழிலாளருக்கு வழங்கப்பட்ட தகர வில்லை எந்த வீட்டிலாவது எஞ்சியிருந்தால், அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். துருவுடன் எழுத்தும் உதிரும்.

ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய உறவினர் நீலகிரியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் எழுதிய வான்மடல்களும், பிரியும்முன் ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படங்களும் கையில் எடுத்துப் பார்க்கும்போதுதான் உயிர்பெறுகின்றன என்பதில் ஐயமில்லை. அவற்றைப் பூட்டுவது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் வான்மடலின் மெல்லிய தாள் மடிப்பில்தான் முதலில் பிரியும், படத்தின் மேல்பரப்பில் விரல் எண்ணெய் அழியாத தடமாகப் பதியும். எனவே நல்ல பிரதியை எடுத்துச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுங்கள், பிள்ளைகள் பிரதியைத் தொட்டுப் பார்க்கட்டும். மூலப் படத்தையே மாட்டியிருந்தால், அது கண்ணாடியில் நேரே ஒட்டியிருக்கக் கூடாது. இடையே அட்டை விளிம்பு வேண்டும். பெயர்களைப் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். கூரை ஒழுகிப் படங்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், அப்படியே காய விடாதீர்கள். சுத்தமான குளிர்நீரில் சிறிது நேரம் ஊறவிட்டு, பொறுமையாகப் பிரித்து, படப்பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்துங்கள். இரண்டு நாளைக்கு மேல் தாமதித்தால் பூஞ்சணம் முந்திக்கொள்ளும்.

அண்மைக் காலமாக இளையவர்கள் சிலர், குறி சொல்லப் பாவிக்கும் டாரட் படச்சீட்டுக்கட்டுகளை வாங்கிச் சேர்க்கிறார்கள். சிலர் குறி சொல்வதையே தொழிலாகவும் செய்கிறார்கள். கிளிச்சோதிடரின் படச்சீட்டுகளைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. விலையுயர்ந்த கட்டைப் பாவிக்கலாமா என்ற தயக்கம் இவர்களுக்கும் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுக்காகத் தோன்றிய இச்சீட்டுகளில், மிலான் பிரபுக்களுக்காகப் பொன் பூசி வரைந்த ஒரு கட்டின் 74 சீட்டுகள் இன்றும் எஞ்சியுள்ளன. நியூயோர்க்கிலும் பெர்காமோவிலும் அவை பிரிந்து கிடக்கின்றன. சாதாரண மக்கள் அன்றாடம் விளையாடிய கட்டுகளோ தேய்ந்து மறைந்தன. ஆகவே சீட்டு கை படுவதால் அழியும் வகையைச் சேர்ந்தது. ஆனால் இரண்டாவது கேள்வி இங்கே முடிவை மாற்றிவிடுகிறது. பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909இல் இலண்டனில் வெளிவந்த 78 சீட்டுகளின் மறுபதிப்புகள் இன்று எங்கும் கிடைக்கின்றன; அவற்றைத் தயங்காமல் பாவியுங்கள். பதிப்பு நின்றுபோன கட்டானால் தொழிலுக்கு ஒரு மறுபதிப்பை வைத்துக்கொண்டு மூலக் கட்டை எடுத்து வையுங்கள். பாவிக்கும் கட்டுக்குச் சுத்தமான, உலர்ந்த கையும் மேசைமேல் ஒரு துணியும் போதும். சாம்பிராணிப் புகையை அதன்மேல் பிடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈரத்தில் வளைந்த சீட்டுகளை உலர்ந்த நாளில் இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே வைத்தால் பெரும்பாலும் நேராகும்.

மண்சரிவைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை மலையகம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வந்த பின்னர் றங்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, ஓட முயலவும் கூடாது. ஆவணப் பெட்டி ஒரு தோள்பைக்குள் அடங்கும் அளவில், கதவருகே, உயரமான இடத்தில் இருக்க வேண்டும். சேலையும் விளக்கும் போனால் போகட்டும்.

கடைசியாக ஒரு வேலை. பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி, உள்ளே என்னென்ன உள்ளன, ஒவ்வொன்றும் யாரிடமிருந்து வந்தது, எதை உடுத்தலாம், எதைத் தொடக் கூடாது, கடைசியாக எந்த மாதம் காற்றாட விட்டீர்கள் என்று எழுதுங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கும் விவரம் அவருக்குப் பிறகு எவருக்கும் கிடைக்காது. அந்தத் தாளின் படத்தையும் ஆவணங்களின் படங்களையும் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் ஒரு பிள்ளையின் கைபேசிக்கு அனுப்பி வையுங்கள்.