தமிழ்99: விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டச்சு பழகும் முறை

இதற்கு ஆங்கிலத் தட்டச்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைக்கு. வ, ங தவிர மெய்கள் எல்லாம் வலக்கைக்கு. இரு கையும் மாறி மாறி வேலை செய்வதால் விரல் சீக்கிரம் சோர்வதில்லை.

முதலில் இ-கலப்பை என்ற இலவசத் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுவி, தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். விசைப் படத்தை அச்செடுத்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். விசைகள் மேல் எழுத்து ஒட்டாதீர்கள். ஒட்டினால் கண் கீழேயே இருக்கும்.

எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு இருக்கும். இரண்டு ஆள்காட்டி விரல்களும் அங்கே. இடக்கைச் சுண்டுவிரலிலிருந்து அ, இ, உ, புள்ளி. வலக்கை ஆள்காட்டியிலிருந்து ப, ம, த, ந. நடுவில் உள்ள எ, க இரண்டையும் ஆள்காட்டி விரல்களே எட்டித் தொடும். ய-வுக்கு வலது சுண்டுவிரல்.

முதல் மூன்று நாள் நோட்பேடில் இந்த வரிசை மட்டும், காலை மாலை 20 நிமிடம்: அது, இது, எது, மதி, அகம், பக்கம், தம்பி, அம்மி.

தம்பிக்கு நான்கே தட்டு: த, ம, ப, இ. புள்ளி தானே விழும். ஒரே மெய் இரட்டித்தாலும், ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற வந்தாலும் அப்படித்தான். புதியவர்கள் இங்கேயும் புள்ளி விசையான எஃப்-ஐ அழுத்தி நேரத்தை வீணாக்குகிறார்கள். அகம் போலச் சொல் மெய்யில் முடிந்தாலோ, செய்து போல வேறு மெய்கள் சேர்ந்து வந்தாலோதான் அது வேண்டும்.

இதே விதிதான் 'பப்பாளி'யில் காலை வாரும். ப-வை அடுத்தடுத்துத் தட்டினால் முதல் ப-வுக்கே புள்ளி ஏறிவிடும். முதல் ப-வுக்குப் பின் அ-வைத் தட்டுங்கள்: ப, அ, ப, ப, ஆ, ள, இ.

நான்காம் நாள் மேல்வரிசை. அ-வுக்கு மேலே ஆ, இ-க்கு மேலே ஈ, உ-வுக்கு மேலே ஊ, எ-வுக்கு மேலே ஏ. இந்த நான்கில் மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை. கீழ்வரிசையில் ல, ர இரண்டும் வலது ஆள்காட்டிக்கே. அந்த விரல்தான் தடுமாறும், அதற்குக் கூடுதல் நாள் கொடுங்கள்.

பழைய தட்டச்சுப் பொறியில் பழகியவர்கள் 'கொ'வுக்குக் கொம்பை முதலில் தேடுவார்கள். இங்கே க, ஒ. உச்சரிக்கும் வரிசையே தட்டும் வரிசை.

தவறினால் உடனே அழிக்காதீர்கள். வரி முடிந்ததும் பிழைகளை எண்ணி, எந்த விரல் தவறியதோ அந்த எழுத்து வரும் பத்துச் சொற்களைத் தட்டுங்கள். பத்து வரிக்கு இரண்டு பிழைக்குக் குறைந்தபின் வேகத்தைக் கூட்டலாம்.