ரிவர்ஸ் போட்டால் கரகரப்பு: கோளாறு கியர்பாக்ஸில் இல்லை

எனக்கு மேனுவல் கார்தான் பிடிக்கும். வண்டியின் போக்கு கிளட்ச் வழியாகக் காலுக்கே தெரிந்துவிடும். என் காரில் திடீரென்று ரிவர்ஸ் போடும்போதெல்லாம் 'கர்ர்' என்று அரைக்க ஆரம்பித்தது. நின்றபடி முதல் கியர் போடவும் இறுக்கம்.

கியர் ஆயிலை மாற்றினேன், பலனில்லை. கிளட்ச் ஃப்ளூயிட் அளவு சரியாகவே இருந்தது. அந்த ஃப்ளூயிட் ஓடும் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றியும் அதே சத்தம். மெக்கானிக் கிளட்ச் பிளேட்டையே மாற்றச் சொன்னார்.

அதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். எஞ்சினை அணைத்தால் எல்லா கியரும் வழுக்கிக்கொண்டு விழுந்தன. ஓடவிட்டு, கிளட்சை மிதித்தபடி பத்து விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போட்டால் அப்போதும் கரகரப்பு. இதுதான் முக்கியம். பல கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோனைசர் (கியர் சேரும் முன் சுழலும் வேகங்களைச் சமன்செய்யும் பாகம்) கிடையாது. மிதித்தவுடன் போட்டால் லேசாக அரைப்பது சகஜம். காத்திருந்தும் அரைக்கிறதென்றால் எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் உள்தண்டு இன்னும் சுற்றுகிறது, அதாவது கிளட்ச் முழுதாக விடுபடவில்லை.

சரி, பெடல் முழுக்க இறங்குகிறதா? டார்ச் அடித்து, பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தேன். பழைய ஃப்ளோர் மேட்டின் மேல் போட்டிருந்த இன்னொரு தடித்த மேட், பெடலுக்குப் பின்னால் மடிந்து கிடந்தது. விரல் தடிமன்தான். உட்கார்ந்து மிதிக்கும்போது பெடல் தரையைத் தொட்டது போலவே இருக்கும்.

மேல் மேட்டை எடுத்ததும் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. அப்பாடா! அடி மேட்டைத் தரைக் கொக்கியில் மாட்டிவிட்டேன். ஆக்ஸிலரேட்டர் பக்கம் நகர்ந்து சிக்கினால் உயிருக்கே ஆபத்து.