சப்பாத்துப் பெட்டியும் ஒரு பிடி ஈர்க்கும்

கடலடி போலக் கண்ணில் படாத தரையைத் தொட்டுத் தொட்டே வரையலாம் என்று தரம் 8 பிள்ளைகளுக்குக் காட்ட எனக்குத் தேவைப்பட்டது ஒரு சப்பாத்துப் பெட்டி, ஒரு சிரட்டை, கொஞ்சம் களிமண், விளக்குமாற்றில் உருவிய ஈர்க்கு. அவ்வளவுதான்.

பெட்டிக்குள் சிரட்டையைக் கவிழ்த்து ஒட்டுங்கள். பக்கத்தில் களிமண்ணால் ஒரு சரிவு. அதை இரண்டு நாள் காயவிடுங்கள், ஈரமாக இருந்தால் ஈர்க்கு உள்ளே இறங்கிவிடும். மூலையில் இரண்டு நெருப்புப் பெட்டிகளை 1 சென்ரிமீற்றர் இடுக்கு விட்டு வையுங்கள்.

மூடியில் 2 சென்ரிமீற்றர் கட்டம் போட்டு, கோடு சந்திக்கும் இடமெல்லாம் கவராய முனையால் துளை. நீளப் பக்கத்துக்கு இலக்கம், அகலப் பக்கத்துக்கு எழுத்து. நெருப்புப் பெட்டிகளின் இடுக்கு இரண்டு துளைகளுக்கு நடுவே விழ வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன். மூடியின் மேல் ஒரு தடித்த ரெஜிபோம் (பொதி கட்டும் வெள்ளை நுரைப் பலகை) துண்டை ஒட்டி, துளைகளை அதனூடாகவும் கொண்டுபோங்கள். முதல் வருடம் நான் இதைச் செய்யவில்லை. ஒரே துளையில் ஒருத்தி 6 என்றாள், பக்கத்தில் இருந்தவன் 8 என்றான். நல்ல சண்டை. பார்த்தால், ஈர்க்கு சாய்ந்து சிரட்டையில் வழுக்கியிருக்கிறது.

மூடி ஒட்டுமுன், ஒன்றும் வைக்காத இடத்தில் ஈர்க்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து வையுங்கள். என் பெட்டியில் 13 சென்ரிமீற்றர். ஒரு துளையில் 8 வந்தால் அந்த இடத்து உயரம் 5. ஈர்க்கின் தடித்த பக்கம் கீழே போகட்டும், நுனி வளையும். தட்டுப்பட்டதும் மேலே விரலால் பிடித்து, வெளியே எடுத்து அடிமட்டத்தில் வைத்தால் சரி.

குழுவுக்கு முதலில் 20 குத்துத்தான் என்று சொல்லிவிடுங்கள். அப்போதுதான் யோசிப்பார்கள். சிலர் ஒரே வரிசையில் குத்தி முடித்துவிட்டு முழிப்பார்கள். சிலர் பரவலாகக் குத்தி, மேடு தட்டுப்பட்ட இடத்தைச் சுற்றி மிச்சத்தைச் செலவழிப்பார்கள். அப்புறம் இன்னும் 10 கொடுங்கள், ஆனால் ஏன் அந்தத் துளை என்று சொல்லிவிட்டுத்தான் குத்த வேண்டும். உயரங்களைச் சதுரக் கோடு போட்ட கொப்பியில் எழுதி, 2 சென்ரிமீற்றருக்கு ஒரு நிறம் தீட்டினால் படம் வந்துவிடும்.

யாழ்ப்பாணத்துக் குருநகர் மீனவப் பையன் ஒருவன், "அப்பா பரவைக்கடலில தடி ஊண்டினாலே மணலோ சேறோ எண்டு சொல்லுவார் டீச்சர்" என்றான். அன்றிலிருந்து கொப்பியில் இன்னொரு நிரை: தட்டியது கடினமா, மென்மையா? கடலை ஆராயப் போன பிரித்தானிய 'சலெஞ்சர்' கப்பலும் இந்த வேலையைத்தான் செய்தது. 1875 மார்ச்சில் பசிபிக்கின் மரியானாத் தீவுகள் பக்கம் கயிற்றில் பாரம் கட்டி இறக்கியபோது 4475 பாகம் (ஒரு பாகம் 6 அடி) போனது, 8 கிலோமீற்றருக்கும் மேல். இன்று கயிறுக்குப் பதில் ஒலி. கடல்நீரில் அது விநாடிக்குச் சுமார் 1500 மீற்றர் ஓடும். எதிரொலி 4 விநாடியில் திரும்பினால், கீழே போக 2 விநாடி, ஆழம் 3000 மீற்றர்.

அமெரிக்க நிலவியலாளர் மேரி தார்ப் 1950களில் அத்திலாந்திக் அடித்தரையை வரைந்தது இப்படி வந்த எண்களை வைத்துத்தான். கப்பல்கள் போன கோடுகளில் மட்டுமே எண் இருந்தது, நடுவில் உள்ளதை அவர் ஊகித்து நிரப்பினார். இதைச் சொன்னதும் பிள்ளைகள் தங்கள் படத்தைத் திரும்பப் பார்ப்பார்கள். அப்போது கேளுங்கள்: இரண்டு துளைக்கு நடுவில் என்ன இருக்கிறது? என் வகுப்பில் அந்த இடுக்கை ஒருவரும் காணவில்லை. எல்லோரும் ஒரே மேடாக வரைந்திருந்தார்கள்.

பெட்டியைத் திறக்காதீர்கள். ஒரு வருடம் "திறந்து காட்டுங்கோ டீச்சர்" என்ற கெஞ்சலுக்கு மசிந்து திறந்தேன். "ஓ, சிரட்டை" என்றார்கள், அதோடு முடிந்தது. இப்போது பெட்டி அலுமாரிக்கு மேல் மூடியபடி இருக்கிறது. போன கிழமை இடைவேளையில் ஒருத்தி ஈர்க்கும் கையுமாக வந்து நின்றாள். "டீச்சர், ஈ வரிசையில பதினொண்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில ஒரு ஓட்டை போடட்டோ?"